பைக்கில் வளைவு எடுப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக, விடுமுறை நாள் காலைகளில், காலி மைதானத்தில் தெரிந்தவர்களுக்குப் பைக் ஓட்டச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கிளட்ச் விட்டு நேராகப் போவது எல்லோருக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது. வளைவில்தான் சந்தேகங்கள் வருகின்றன, அதுவும் வருபவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால், முதல் தடவை மேலிருந்து படித்து வந்தால் நல்லது.

வளைவு வந்தாலே உள்ளுக்குள்ள பதறுது அண்ணா. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உனக்கு மட்டும் இல்லை. என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்வதே இதைத்தான், பத்து வருடம் ஓட்டியவர்கள் உட்பட. அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், "இந்த வேகத்தில் இந்த வளைவைத் தாண்டிவிடுவேனா" என்பதற்கு நமக்குப் பதில் தெரியாமலே உள்ளே நுழைகிறோம், அங்கிருந்துதான். பதில் தெரியாதபோது உடம்பு விறைக்கும், விறைத்த கை ஹேண்டில்பாரை இறுக்கும், இறுக்கிப் பிடித்த பைக் திரும்பாது, திரும்பவில்லையே என்று பயம் இன்னும் ஏறும்.

அதனால் தைரியத்தை வரவழைத்துக்கொள்ள முயற்சி செய்யாதே. சந்தேகமே வராத வேகத்துக்குக் குறைத்துக்கொண்டு நுழைந்து பார். "சே, இன்னும் கொஞ்சம் வேகமாகவே வந்திருக்கலாம்" என்று தோன்றும் அளவுக்கு மெதுவாக. அப்படி ஒரே நாளில் ஐம்பது வளைவு எடுத்தால் உடம்பு தானாக இளகுவதை நீயே உணர்வாய்.

சரி, எந்த ஸ்பீடுல போகணும்னு ஒரு நம்பர் சொல்லுங்களேன்?

எல்லா வளைவுக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது, அது தெரிந்தால் வேகத்தின் மேல் ஒரு மரியாதை வரும். வளைவில் பைக் எவ்வளவு சாய வேண்டும் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதில் சுமார் 23 டிகிரி சாய்ந்தால் போதும். 50-ல் 33 டிகிரி, 60-ல் 43 டிகிரி. டயருக்கு அகலம் இருப்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சாய வேண்டியிருக்கும். 23 டிகிரி என்பது யாரும் நிம்மதியாகச் சாய்க்கும் அளவு, 43 டிகிரியில் பல சாதாரண பைக்குகளின் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரச ஆரம்பித்துவிடும். நடுவில் இருப்பது வெறும் 20 கிலோமீட்டர்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நுழையும் வேகத்தில் 5 கிலோமீட்டர் குறைத்தாலே வளைவு வேறு வளைவாகிவிடும், அதனால் போய்ச் சேரும் நேரம் பெரிதாகக் கூடிவிடப் போவதுமில்லை.

பிரேக் எப்போ பிடிக்கணும், கியர் எப்போ குறைக்கணும்?

இரண்டும் பைக் நேராக இருக்கும்போதே. ஆக்சிலரேட்டரை விடு, முன் பிரேக்கை முதலில் மெல்லத் தொட்டு அப்புறம் அழுத்து, கூடவே பின் பிரேக் கொஞ்சம், வேகம் இறங்க இறங்க கியரைக் குறை, கிளட்சை முழுதாக விட்டு முடி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் சாய்க்க வேண்டும். கிளட்சை அமுக்கிய கையோடு வளைவுக்குள் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படிப் போனால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. முறுக்கினாலும் விட்டாலும் பைக் கேட்காது, சும்மா உருண்டு போகும்.

எந்த கியர் என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் துளி திருகினால் பைக் உடனே மெல்ல முன்னே இழுக்க வேண்டும். திணறினால் கியர் அதிகம், வெடுக்கென்று குதித்தால் கியர் குறைவு.

வளைவுல கண்ணு எங்க இருக்கணும்?

போய்ச் சேர வேண்டிய இடத்தில். நுழைவதற்கு முன்பே முகவாயை வளைவின் உள்பக்கம் திருப்பி, சாலை எங்கே போகிறதோ அதை முடிந்த தூரம் வரை கண்ணால் பிடித்துக்கொள். கருவிழியை மட்டும் ஓட்டினால் போதாது, தலையே திரும்ப வேண்டும். தலை திரும்பினால் தோள் கொஞ்சம் பின்தொடரும், தோள் போனால் கை போகும், பைக்கும் போய்விடும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பயந்த நேரத்தில் கண் பயப்படும் பொருளிலேயே ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்துக்கே பைக்கும் போகும். ஒரு அகலமான சாலையில் ஒரே ஒரு கம்பம் இருக்கும், இரண்டு பக்கமும் எவ்வளவோ இடம் இருக்கும், சரியாக அந்தக் கம்பத்தில் போய் மோதுவார்கள். பள்ளத்தைப் பார்த்துவிட்டாயா, சரி, பார்த்தாகிவிட்டது, உடனே கண்ணை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் நல்ல தார் மேல் வை. இதைத் தினமும் சாதாரண சாலையிலேயே பழகலாம், ஒவ்வொரு குழியையும் இதற்கு உபயோகப்படுத்திக்கொள்.

வலது பக்கம் போக வலது கைப்பிடியைத் தள்ளணும்னு சொல்றாங்க. அப்படிச் செஞ்சா இடது பக்கம்தானே திரும்பும்?

நடக்கும் வேகத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது நீ சொல்வது சரி. ஓடும் பைக்கில் நடப்பது வேறு. வலது கைப்பிடியை முன்னோக்கி லேசாக அழுத்தினால் முன் சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் திரும்புகிறது. டயர் தரையைத் தொடும் இடம் நம் உடம்புக்குக் கீழே இருந்து இடப்பக்கம் நகர்ந்துவிட, மேலே இருக்கும் எடை வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் முன் சக்கரம் தானாகவே வலது பக்கம் திரும்பி நின்றுகொள்ளும், பைக் வலப்பக்கம் வளைந்து போகும். விரல் நுனியில் ஒரு குச்சியை நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று வை, அது வலது பக்கம் சாய வேண்டுமானால் விரலை இடது பக்கம் நகர்த்துவாய் அல்லவா, அதேதான்.

விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் வில்பர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டும் யாராலும் முதல் தடவையில் சரியாகச் சொல்ல முடியவில்லையாம். கை தெரிந்து வைத்திருந்தது, வாய்க்குத் தெரியவில்லை. நீயும் இத்தனை நாள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாய். தெரிந்து செய்தால் என்ன லாபம் என்றால், அவசரத்தில் பைக்கை எவ்வளவு சாய்க்க வேண்டுமோ அவ்வளவு சாய்க்க முடியும். காலியான நேர் சாலையில் 40 வேகத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு பக்கம் மெல்ல அழுத்திப் பார், அப்புறம் மறு பக்கம். பைக் உடனே பதில் சொல்லும்.

கொஞ்ச நேரம் ஓட்டினாலே மணிக்கட்டும் தோளும் வலிக்குது. வளைவு உள்ள ரோட்டுல ரொம்ப. ஏன்?

உடம்பின் எடையைக் கை தாங்குகிறது. அதைத் தொடைக்கு மாற்று. டேங்கை இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொள், பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கட்டும், வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கு. கையில் மிச்சம் இருக்க வேண்டியது ஒரு குருவியைப் பிடித்திருக்கும் அளவுப் பிடிதான்.

போன மாதம் ஒரு பையன் வந்தான், நல்ல உயரம், நல்ல பலம். மைதானத்தில் வட்டம் போடச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. நிறுத்தி கிளவுஸைக் கழற்றச் சொன்னால் விரல் மூட்டெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அவனுடைய இடது கை தள்ள, வலது கை அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது, நடுவில் பைக் யார் பேச்சைக் கேட்கும்? ஓட்டிக்கொண்டே இரண்டு முழங்கையையும் கோழி இறக்கை அடிப்பது போல் ஆட்டச் சொன்னேன். ஆட்ட முடிந்தால் கை இளகியிருக்கிறது என்று பொருள். நாலாவது சுற்றில் வட்டம் சின்னதாக ஆரம்பித்தது. வேறெதுவும் மாற்றவில்லை.

ரொம்பச் சாய்ச்சா டயர் வழுக்கிடாதா?

உலர்ந்த, சுத்தமான தாரில், நல்ல டயர் சூடாக இருக்கும்போது, நம் மனசு "போதும்" என்று சொல்லும் இடத்துக்கும் டயர் "போதும்" என்று சொல்லும் இடத்துக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் ஓட்டுபவர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்க்கிறார்கள். அது வேறு டயர், வேறு தளம் என்றாலும், சாய்வதால் மட்டுமே பைக் விழுந்துவிடாது என்பது அதிலிருந்து தெரிகிறது. பெரும்பாலும் வழுக்கல் வருவது சாய்ந்திருக்கும்போது திடீரென்று ஏதாவது செய்வதால்: திடீர் பிரேக், திடீர் முறுக்கல், அல்லது தரையில் மணலோ எண்ணெயோ கிடப்பதால்.

வளைவுக்குள்ள ஆக்சிலரேட்டரை விடணுமா, பிடிக்கணுமா?

பிடிக்க வேண்டும், துளியளவு. சாய்ந்த பைக் தானாகவே வேகம் இழக்கும், அதை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் திறந்து வை. முழுதாக மூடினால் எடை முன் சக்கரத்தின் மேல் விழும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அமுங்கும், பைக் அலைபாயும். மெல்லிய, மாறாத இழுப்பு இருந்தால் இரண்டு சக்கரத்திலும் எடை ஒழுங்காக உட்கார்ந்து சஸ்பென்ஷன் நன்றாக வேலை செய்யும்.

வெளியே போகும் வழி முழுதாகத் தெரிந்து, பைக் நிமிர ஆரம்பித்த பிறகு, நிமிர்வதற்கு ஏற்ற அளவில் கூட்டிக்கொண்டே போகலாம். மணிக்கட்டு ஒரு தண்ணீர்க் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறப்பது போல் இருக்க வேண்டும்.

முட்டியைத் தரையில தொட்டாத்தான் சரியான கார்னரிங்கா?

சாலையில் அதற்கு வேலையே இல்லை. பந்தயத்தில் உடம்பை உள்பக்கம் தொங்கவிடுவது, அதே வேகத்தில் பைக்கின் சாய்வைக் குறைக்க. அந்தத் தத்துவத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். சீட்டில் இருந்தபடியே மேலுடம்பை உள்பக்கக் கண்ணாடியை நோக்கிக் கொஞ்சம் முன்னே நீட்டு, உள்பக்க முழங்கையைத் தளர்த்து, வெளிப்பக்கத் தொடையை டேங்கில் ஊன்று. அவ்வளவு போதும்.

நான் அடிக்கடி பார்க்கும் தப்பு இதற்கு நேர் எதிரானது. பைக் உள்ளே சாய, பயத்தில் உடம்பை நிமிர்த்தி வெளிப்பக்கம் வைத்துக்கொள்வார்கள். அப்போது அதே வளைவுக்குப் பைக் இன்னும் அதிகமாகச் சாய வேண்டியிருக்கும், பயமும் அதிகமாகும். மிக மெதுவான திருப்பத்துக்கு மட்டும் அது சரி, அதைக் கீழே கொண்டை ஊசிக் கேள்வியில் சொல்கிறேன்.

வெளியே, உள்ளே, வெளியேன்னு லைன் எடுக்கணும்னு படிச்சேன். ரோட்டுல அது சரியா வருமா?

பாதி சரி. வெளி ஓரத்தில் நுழைந்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வருவது வளைவை நேராக்கித் தரும். ஆனால் அது எதிரே யாரும் வராத பந்தயத் தளத்துக்கான கோடு. சாலையில் எதிரே லாரி வரும், ஓரத்தில் மணல் கிடக்கும், வளைவின் முடிவு தெரியாது. அதனால் நான் சொல்லிக் கொடுப்பது இது: உன் பாதையின் வெளிப்பக்கமாக நுழை, உள்ளே திரும்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு, வெளியே போகும் வழி தெரிந்த பிறகு உள்ளே வா. சீக்கிரமே உள் ஓரத்தைத் தொட்டவர்கள்தான் வளைவின் கடைசியில் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

"உன் பாதை" என்பதில் உன் தலையும் சேர்த்தி. நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால் சக்கரம் கோட்டுக்கு இந்தப்பக்கம் இருந்தாலும் தலையும் தோளும் எதிர்ப்பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் பேருந்தின் கண்ணாடி அந்த உயரத்தில்தான் வரும். தயவுசெய்து நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டராவது விட்டுப் பழகு.

வளைவு எங்க முடியுதுன்னே தெரியலைன்னா எப்படி ஸ்பீடு முடிவு பண்றது?

சாலையின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போல் ஒரு புள்ளி தெரியும், அதையே பார்த்துக்கொண்டு போ. நீ போகப் போக அந்தப் புள்ளியும் உன்னோடு விலகி ஓடினால் வளைவு திறக்கிறது. அது அங்கேயே நின்று நீ மட்டும் நெருங்கினால் வளைவு இறுகுகிறது, உடனே வேகத்தைக் குறை.

அந்தப் புள்ளிக்குள் நிறுத்த முடிய வேண்டும், அதுதான் என் அளவுகோல். 60 வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் போகிறோம். ஆபத்தைப் பார்த்து கை பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகிவிடும், அப்புறம் நல்ல தாரில் நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்தவருக்கும் இன்னும் 20 மீட்டர் வேண்டும். சாய்ந்திருந்தால் அதைவிடக் கூடும். மேலே சொன்ன புள்ளி 30 மீட்டரில் இருக்கும்போது 60-ல் போனால், மறுபக்கம் ஒரு மாடு படுத்திருக்காது என்ற நம்பிக்கையில்தான் போகிறோம்.

பாதி வளைவுல வேகமா வந்துட்டேன்னு தெரியுது. அப்போ என்ன பண்றது?

இந்தக் கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். பெரிதாகத் திறந்த வளைவு என்று நினைத்து நுழைந்தது நடுவில் சட்டென்று இறுகியது. எதிரே கைப்பிடிச் சுவர். அந்தச் சுவரில் பாசி படர்ந்திருந்தது, ஒரு கல் பெயர்ந்திருந்தது, அந்தப் பெயர்ந்த கல்லின் ஓட்டை இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது, அவ்வளவு நேரம் அதையே பார்த்திருக்கிறேன். காலால் பின் பிரேக்கை மிதித்தேன், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது, சுவருக்கு ஒரு சாண் தள்ளி பைக் நின்றது. கீழே விழவில்லை. இறங்கி நிற்கக் கால் நடுங்கியது. அப்புறம் அந்த வளைவை மேலே நடந்துபோய்ப் பார்த்தேன், அந்த வேகத்திலேயே அதைத் தாண்டியிருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது, அன்று நான் பாதிகூடச் சாய்க்கவில்லை.

அதனால் வரிசை இதுதான். முதலில் கண்: சுவரை விட்டுவிட்டு வெளியே போகும் வழியைப் பார். அடுத்து உள்பக்கக் கைப்பிடியை உறுதியாக அழுத்து, பைக் இன்னும் சாயும். ஆக்சிலரேட்டரை வெடுக்கென்று மூடாதே, மெல்லக் குறை. பெரும்பாலும் இவ்வளவிலேயே வளைவு முடிந்துவிடும்.

நிஜமாகவே இடம் போதவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எதிரே காலி இடம் இருக்கும் வரை பைக்கை நிமிர்த்தி, நேராக வைத்துக் கடுமையாகப் பிரேக் பிடி, வேகம் குறைந்ததும் பிரேக்கை விட்டு மறுபடி சாய். சாய்வையும் முழுப் பிரேக்கையும் ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

அப்போ சாய்ஞ்சிருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாதா? சிலர் பிரேக்கோட உள்ள போறாங்களே?

டயரிடம் இருக்கும் பிடியை 100 பங்கு என்று வை. திரும்புவதற்கும் பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஆனால் நேராகக் கழித்தால் வராது, அது ஒரு வட்டம்: இரண்டின் வர்க்கங்களும் சேர்ந்து 100-ன் வர்க்கத்தைத் தாண்டக் கூடாது. திரும்ப 60 பங்கு எடுத்தால் பிரேக்குக்கு 80 பங்கு வரை மிச்சம் இருக்கும். திரும்பவே 95 எடுத்துவிட்டால் மிச்சம் சுமார் 31தான். அதாவது கொஞ்சமாகச் சாய்ந்திருக்கும்போது பிரேக்குக்கு நிறைய இடம் உண்டு, எல்லைக்குப் பக்கத்தில் போனால் அது மளமளவென்று காணாமல் போகும்.

நீ பார்த்தவர்கள் நேராக இருக்கும்போதே முக்கால்வாசி வேகத்தைக் குறைத்துவிட்டு, முன் பிரேக்கில் விரலின் கனத்தை மட்டும் வைத்தபடி சாய்த்து, சாய்வு கூடக் கூட அந்தக் கனத்தைக் கழித்துக்கொண்டே போகிறார்கள். முன் ஃபோர்க் அமுங்கியிருப்பதால் பைக் சுறுசுறுப்பாகத் திரும்பும், வளைவு இறுகினால் இன்னும் குறைத்துக்கொள்ளவும் முடியும். நல்ல வித்தைதான். ஆனால் மேலே மூன்றாவது பதிலில் சொன்னது கைக்குப் பழகி, யோசிக்காமலே வர ஆரம்பித்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். அதுவும் மைதானத்தில்.

என் பைக்குல ஏபிஎஸ் இருக்கே, அது காப்பாத்தாதா?

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சாதாரண ஏபிஎஸ்ஸுக்குப் பைக் சாய்ந்திருப்பதே தெரியாது, அது நிமிர்ந்த பைக்கை மனதில் வைத்துச் செய்தது. சாய்வை அளந்து அதற்கேற்பப் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் போஷ் தயாரிப்பாக வந்தது, இப்போது பல பெரிய பைக்குகளில் இருக்கிறது. உன் பைக்கில் எது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள். முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள பைக் என்றால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதையும் நினைவில் வை. எதுவானாலும் தரையில் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது.

கொண்டை ஊசி வளைவுல வண்டி கவுந்துடும் போல இருக்கு, ஏறும்போது ஆஃப் ஆகுது, இறங்கும்போது தள்ளுது.

ஏறும்போது ஆஃப் ஆவது பெரும்பாலும் கியர் அதிகமாக இருப்பதால். கீழேயே முதல் அல்லது இரண்டாம் கியருக்கு வந்துவிடு, வளைவுக்குள் இழுப்பை விடாதே. தலையை நன்றாகத் திருப்பி மேலே ஏறும் சாலையைப் பார், எதிரே இறங்கும் வண்டிக்கு இடம் விட்டு நுழை. மிகவும் இறுக்கமாக இருந்தால் கிளட்சைப் பாதியில் வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, எஞ்சினுக்குக் கொஞ்சம் திருகல் கொடுத்துக்கொண்டே போ. பிரேக்குக்கு எதிராகச் சங்கிலி இழுத்துக்கொண்டிருப்பதால் பைக் தள்ளாடாது. மேலே தள்ளிவைத்த விஷயம் இங்கேதான் வருகிறது: நடக்கும் வேகத்தில் திரும்பும்போது உடம்பை வெளிப்பக்கம் வைத்துப் பைக்கை மட்டும் உள்ளே சாய்த்தால் சின்ன வட்டத்தில் திரும்பும்.

இறங்கும்போது எடை ஏற்கெனவே முன்னால் இருக்கும். கியரைக் குறைத்து எஞ்சினையே பிடிக்க விடு, நேராக இருக்கும்போதே வேகத்தை முடித்துவிடு. ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதே. மெதுவான வேகத்தில் பைக்கைக் கீழே போடுபவர்களில் பலர் போடுவது இப்படித்தான்.

மழை பெஞ்சா, இல்ல நடுவுல மணல் கிடந்தா?

மழையில் பைக் திரும்பும், நிற்கவும் செய்யும், எல்லாவற்றையும் மெல்லச் செய்தால். சாய்வைக் குறை, அதற்கு வேகத்தைக் குறை. பெயின்ட் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, ஈர இலை இவற்றின் மேல் நிமிர்ந்து போ. நாள்பட்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறல்தான் மோசமானது, சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து மேலே வரும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்ட சாலை அதைவிடத் தேவலை.

மணலைத் தூரத்திலேயே பார்த்தால் அதற்கு முன் வேகத்தைக் குறைத்து, மணல் மேல் மட்டும் பைக்கை நிமிர்த்தி, பிரேக்கும் திருகலும் இல்லாமல் கடந்து, அந்தப்பக்கம் மறுபடி சாய். பார்க்காமல் மேலே ஏறிவிட்டால் ஒன்றும் செய்யாதே. சக்கரம் ஒரு கணம் நழுவி மறுபடி பிடித்துக்கொள்ளும், பயந்து நாம் செய்யும் காரியம்தான் அதைக் கெடுக்கும்.

பின்னாடி ஆள் உட்கார்ந்தா வண்டி கேக்கவே மாட்டேங்குது.

பின் சஸ்பென்ஷன் இறங்கிவிடுகிறது, முன்பக்கம் லேசாகிவிடுகிறது. கையேட்டில் இருவருக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும், அதை வை, பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கு. உட்காருபவரிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடு: வளைவில் என் உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பாருங்கள், எதிர்ப்பக்கம் சாயாதீர்கள், திடீரென்று அசையாதீர்கள். தோளுக்கு மேல் பார்த்தாலே அவர்கள் சரியாகச் சாய்ந்துவிடுவார்கள்.

எங்கிட்ட ஸ்கூட்டர்தான் இருக்கு. இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

பொருந்தும். மூன்று வித்தியாசம். சக்கரம் சின்னது, அதனால் குழியும் மேடும் அதிகம் உலுக்கும். அணைக்க டேங்க் இல்லை, பாதத்தை அழுத்தி உட்கார வேண்டும். வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் தானாக விடுபட்டு வண்டி உருள ஆரம்பிக்கும், அதனால் மெதுவான திருப்பத்தில் துளி திருகலும் பின் பிரேக்கும் சேர்ந்தே இருக்கட்டும்.

என் டயர் ஓரம் தேயவே இல்லை, ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க.

தேயாத ஓரம் என்பது நீ சேமிப்பில் வைத்திருக்கும் சாய்வு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டயரின் நடுவைத் தடவிப் பார். நீண்ட நேர் சாலையில் ஓடி நடுப்பகுதி தட்டையாகிவிட்டிருந்தால் பைக் முதலில் சாய மறுக்கும், அப்புறம் தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் பொத்தென்று விழுவது போல் சாயும். பலர் இதைத் தங்கள் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு டயரை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காற்று குறைந்திருந்தாலும் ஹேண்டில் கனமாகி, திரும்பத் தயங்கும், டயர் குளிர்ந்திருக்கும்போது வாரம் ஒருமுறை பார்த்துவிடு. புது டயர் போட்டால் முதல் 100, 150 கிலோமீட்டர் பதமாக ஓட்டு.

எங்க, எப்படிப் பழகறது?

காலி மைதானம், இரண்டு தண்ணீர் பாட்டில், 20 மீட்டர் இடைவெளி. அவற்றைச் சுற்றி எட்டு போடு. முதல் நாள் 20 வேகத்துக்கு மேல் வேண்டாம். 10 மீட்டர் ஆரத்தில் 20-ல் சுமார் 17 டிகிரி சாய்வாய், 25-ல் 26 டிகிரி, மேலே சொன்ன வர்க்கக் கணக்கை உடம்பே உணரும். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் மட்டும் எடு. ஒரு நாள் கண், ஒரு நாள் கை, ஒரு நாள் ஆக்சிலரேட்டர். அரை மணி நேரம் போதும், சோர்ந்த பிறகு பழகினால் தப்புதான் பழகும்.

அப்புறம் தெரிந்த ஒரு சாலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில், ஒரே வளைவைப் பத்து தடவை எடு. ஹெல்மெட், கிளவுஸ், கணுக்காலை மூடும் ஷூ, கனமான சட்டை, இவை மைதானத்திலும் வேண்டும்.

குரூப்பா போனா நான் எப்பவும் பின்தங்கிடறேன். வளைவுல முன்னாடி போறவனை விட்டுடக்கூடாதுன்னு முறுக்கறேன்.

அவன் பின்விளக்கைப் பார்த்து ஓட்டுகிறாய் என்று அர்த்தம். அவன் தப்பாக நுழைந்தால் நீயும் அதே தப்போடு நுழைவாய், ஏனென்றால் உன் கண் அவன் மேல் இருக்கிறது, சாலை மேல் இல்லை. அடுத்த முறை கிளம்புவதற்கு முன் எல்லோரிடமும் ஒன்று பேசிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பிரிவு ரோட்டிலும் முன்னால் போனவர் நின்று, பின்னால் வருபவர் கண்ணில் படும் வரை காத்திருக்க வேண்டும். வழி தவறும் பயம் போய்விட்டால் துரத்த வேண்டிய அவசியமும் போய்விடும். எங்கள் குழுவில் புதிதாக வருபவர் யாரோ, அவரை இரண்டாவது ஆளாக விட்டு, முன்னால் போகிறவர் அவர் வேகத்துக்குத் தன் வேகத்தை வைத்துக்கொள்கிறார். கடைசி ஆள் எப்போதும் நான்தான், அதனால் பின்தங்கி வந்தால் என்னோடு வரலாம்.